மருமகனே, காரை ஓரமா நிறுத்து!

மருமகனே, நீ போனிலே அனுப்பினதை உன் அம்மை, என் தங்கச்சி, எனக்கு வாசிச்சுக் காட்டினா. கப்பல் காலை 8 மணிக்குக் கொச்சியிலே கட்டும், சாயங்காலம் 6 மணிக்கு அவிழ்க்கும். அதுக்குள்ளே ஒரு வாடகைக் கார் பிடிச்சு, திருவனந்தபுரம் வந்து, சங்குமுகம், கோவளம், விழிஞம், பூவாறு, மீன்பிடி கிராமம் எல்லாம் பாத்து, மாமனையும் ஒரு எட்டுப் பாத்துட்டுத் திரும்பிரலாம்னு திட்டமாம். கொள்ளாம். படிச்ச பிள்ளைக்குத்தான் இப்படித் தோணும். எங்களை மாதிரி படிக்காதவனுக்குக் கணக்கு குறுக்கே வந்து நின்னுக்கிடும்.

கொச்சியிலே இருந்து திருவனந்தபுரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேலே. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலமாக்குதோம்னு அங்கங்கே கிண்டிப் போட்டிருக்காங்க. போக 5 மணிக்கூர், வர 5 மணிக்கூர். கப்பல் புறப்பட ஒரு மணிக்கூர் முன்னாலேயே நீ உள்ளே ஏறியிருக்கணும். ஆக உன் கையிலே 9 மணிக்கூர், ரோட்டுக்கு வேண்டியது 10. மாமன் முகத்தை நீ கடனுக்குத்தான் பாக்கணும். கப்பல்காரன் தானே ஏற்பாடு பண்ணின பஸ் பிந்தினா காத்து நிப்பான். நீயா பிடிச்ச கார் பிந்தினா நிக்க மாட்டான். உன் துணிமணி மட்டும் சொகுசாக் கடல் தாண்டிப் போகும், நீ தேவாரத்துப் பாலத்திலே நின்னு டாட்டா காட்டணும்.

'ஏன் மாமா, விழிஞத்திலே உலகத்துப் பெரிய கப்பலெல்லாம் வருதே, எங்க கப்பல் அங்கே வரக்கூடாதா?'ன்னு கேப்பே. வரும் மக்கா, நீ பெட்டியா இருந்தா. 2024 ஜூலையிலே சான் பெர்னாண்டோன்னு முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து துறைமுகத்தைத் திறந்து வச்சார். அடுத்த மாசம் எம்.எஸ்.சி. ஐரினா வந்து நின்னுது. 400 மீட்டர் நீளம், இருபதடிப் பெட்டி 24,346 கொள்ளுமாம். பன்னாட்டுக் கப்பல் வழி கரையிலே இருந்து 10 கடல் மைல்தான், ஆழம் இயற்கையாவே 18 மீட்டருக்கு மேலே. அத்தனை பெட்டி இறக்கத் தோது இருக்கிற துறையிலே உன் ஒத்தைப் பெட்டியை இறக்கத் தோதில்லே. உல்லாசக் கப்பலுக்கு இப்போதைக்குக் கொச்சிதான்.

அதனாலே மாமன் சொல்லுதேன், கேளு. கொச்சியிலே முடியுற பயணமாப் பாத்து எடு. இறங்கி ரயிலேறு. வந்தே பாரத் எர்ணாகுளத்திலே இருந்து மூணே சொச்சம் மணிக்கூர்லே கொண்டாந்து விட்டுரும். ராத்திரி நல்லாத் தூங்கு. மறுநாள் விடியுமுன்னே கார் வரட்டும். ஒரு நாள் முழுசா உனக்கு. அதுக்கும் மேலே வெப்ராளம் காட்டினா நீ கடற்கரை பாக்க வரல்லே, 'பாத்தாச்சு'ன்னு போட வந்திருக்கேன்னு அர்த்தம். அதுக்குக் கார் எதுக்கு? பழைய தபால் அட்டை ரெண்டு வாங்கினாப் போதும்.

இனி கார் பிடிக்கிற காரியம். மஞ்சப் பலகையிலே கறுப்பு எழுத்துன்னா டிரைவரோட வர்ற டாக்ஸி. கறுப்புப் பலகையிலே மஞ்ச எழுத்துன்னா நீயே ஓட்டிக்கிற வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் காட்டி, 'ரேட்டு குறைச்சுத் தரலாம் சாரே'ன்னு எவனாவது சொன்னா, அது அவன் மச்சான் வண்டியாக்கும். வழியிலே போலீஸ் கை காட்டினா நீயும் அவனுக்கு மச்சான்னு சொல்லணும். கிலோமீட்டருக்கு எவ்வளவு, வெயிட்டிங் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவுன்னு ஏறுமுன்னே பேசு. இறங்கின பிறகு பேசுறவன் பேச்சுக்கு விலை கூடுதல். எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள்ளே போகணும்னா பெர்மிட் இருக்கான்னும் கேளு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே ஒரு கோடு போட்டாங்க. மீனுக்கு அது இன்னும் தெரியாது, ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியும்.

நானே ஓட்டுதேன்னு அடம் பிடிக்காதே. எங்க கடப்புறத்து ரோட்டிலே ஒரு ஓரம் வலை காயும், மறு ஓரம் பிள்ளைக பந்தடிக்கும், நடுவிலே மீன்பெட்டி கட்டின ஸ்கூட்டர் வரும். பொழியூர்ப் பக்கம் பந்தடிக்கிற பையனைப் பாத்து ஹாரன் அடிச்சிராதே. அவன் நாளைக்குச் சந்தோஷ் டிராபி ஆடுவான், நீ அப்பவும் டிராபிக்கிலேதான் நிப்பே. உள்ளூர் டிரைவருன்னா அவனே கண்ணாடியை இறக்கி, 'மக்களே, ஒதுங்கு'ன்னு சொல்லி வழி வாங்குவான்.

கிழமையும் பாக்கணும். எங்க வேதக்காரங்க கடப்புறத்திலே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போறதில்லே. விழிஞத்து இஸ்லாமியர் கரையிலே வெள்ளிக்கிழமை ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை வந்து, 'வள்ளம் எல்லாம் கரையிலே கிடக்கே, தொழில் அழிஞ்சு போச்சா மாமா?'ன்னு கண்கலங்கக் கூடாது. நாங்க பூசைக்குப் போயிருப்போம். மழைக்காலத்தையும் பயந்து தள்ளாதே. ஜூன் 9 நள்ளிரவிலே இருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்திலே டிராலிங் தடை. ஆனா அது விசைப்படகுக்கு. மத்தக் கரையிலே அலை வள்ளத்தை இறக்க விடாத அந்த நாள்லே விழிஞத்துக் குடா மட்டும் மறைவாக் கிடக்கும். அக்கம்பக்கத்துக் கரை வள்ளமெல்லாம் அங்கே வந்து கூடும். நீங்க சீசன் இல்லேன்னு சொல்லுற காலந்தான் எங்களுக்குச் சீசன்.

சரி, வெள்ளாப்பிலே புறப்பட்டாச்சு. முதல்லே சங்குமுகம். கனாயி குஞ்ஞிராமன் சிலையாச் செஞ்ச சாகரகன்னி அங்கே படுத்துக் கிடப்பா. எல்லாரும் அவளைப் படமெடுப்பாங்க. நீயும் எடு, சாரமில்லே. எடுத்துட்டு அவ பாக்கிற பக்கம் நீயும் பாரு. அங்கே முன்னாலே அகலமா ஒரு மணல்கரை இருந்தது. 2017-லே ஒக்கிப் புயல் அடிச்சதிலே இருந்து வருஷத்துக்கு வருஷம் கடல் அதைத் தின்னு, ரோட்டையும் கடிச்சுப் பாத்துட்டுது. பத்மநாப சுவாமி ஆராட்டுக்கு, அதாவது கடல் நீராட்டுக்கு, இந்தக் கரைக்குத்தான் வருவார். வழியிலே விமான நிலையம். வருஷத்திலே ரெண்டு தடவை ஓடுபாதையை மூடி, விமானத்தை நிறுத்தி வச்சு, சாமிக்கு வழி விடுவாங்க. விமானமே காத்து நிக்கிற ஊர்லே நீ, 'டிரைவர், நேரமாகுது'ன்னு கத்தாதே.

அடுத்தது வலியதுறை. கொச்சித் துறைமுகம் பெருசாகுமுன்னே திருவிதாங்கூருக்குக் கப்பல் வந்து நின்ன இடங்கள்லே ஒண்ணு அது. 1825-லே போட்ட கடல்பாலம் ஒண்ணு இருந்தது. 1947-லே எஸ்.எஸ். பண்டிட்னு ஒரு கப்பல் வந்து முட்டி அதை உடைச்சது. 1956-லே புதுசாக் கட்டினாங்க. 2024 மார்ச்சிலே கடல் அதையும் நடுவிலே ஒடிச்சு ரெண்டாக்கிட்டுது. முதல் பாலத்தை முட்டினது கப்பல், ரெண்டாவதை முட்டினது கடல். ஒடிஞ்ச பாலத்துப் பக்கத்திலே போய் நின்னு கையை விரிச்சுப் படமெடுக்காதே. அதுக்குப் பின்னாலே முன்வரிசை வீடு போய்ப் பள்ளிக்கூடத்திலேயும் குடோன்லேயும் வருஷக்கணக்காக் குடியிருந்த குடும்பங்க உண்டு. விரிச்ச கையைப் பாத்து, எதுக்கு இந்தப் பிள்ளைக்கு இத்தனை சந்தோஷம்னு அதுக கேக்கும்.

பீமாபள்ளியிலே தர்கா, அதைத் தாண்டினா பூந்துறை. அங்கே இறங்கி ஒரு சாயா குடி. சீனி குறைச்சுக் கேளு, கேட்டாலும் குறைய மாட்டான். கடையிலே இருக்கிற ஆளைப் பாத்தா சாதாரண ஆளாத்தான் இருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலே செங்கன்னூரும் ஆலுவாயும் முங்கினப்ப, பூந்துறை, விழிஞத்து வள்ளங்களை லாரியிலே ஏற்றிக்கிட்டு ரோட்டு வழியாப் போன ஆளுக இவங்கதான். முதலமைச்சரே கேரளத்தின் சொந்தப் படைன்னு சொன்னார். வள்ளம் ரோட்டிலே போனதுக்கு ஒரு காரணம் இருந்தது. கார் கடல்லே இறங்குறதுக்கு ஒரு காரணமும் கிடையாது. மணல்லே கொண்டு போய் நிறுத்தி, டயர் புதைஞ்சு, 'சேட்டா, ஒரு கை'ன்னு கூப்பிடுறவன் வாரத்துக்கு ஒருத்தனாவது இருக்கான். தள்ளி விடுவாங்க, சிரிப்பு அதுக்குப் பிறகு ஒரு வாரம் ஓடும்.

சிரிக்காத கதையும் ஒண்ணு சொல்லணும். எங்க கடல்லே கள்ளக்கடல்னு ஒண்ணு உண்டு. காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். எங்கேயோ தெக்கே பெருங்கடல்லே எழும்பின அலை நாள் கணக்கா நடந்து வந்து சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குள்ளே ஏறும். 2024 மார்ச் 31-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, அப்படித்தான் ஏறினது. இப்ப ஹைதராபாத்திலே இருக்கிற கடல் தகவல் மையம், இன்கோய்ஸ், முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லுது. நீ வர்ற அன்னைக்குக் காலையிலே போன்லே அதைப் பாரு. ஒக்கிக்கு எச்சரிக்கை வந்து சேரும்போது எங்க ஆளுக கடலுக்குள்ளே இருந்தாங்க. பூந்துறையிலேயும் விழிஞத்திலேயும் அந்த 2017 நவம்பர் கடைசி நாளைப் பத்தி நீயாக் கேக்காதே. அவங்களாச் சொன்னா, போனைப் பையிலே வச்சுட்டுக் கேளு.

கோவளத்துக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். அது உங்க ஊராக்கும், நாங்கதான் அங்கே விருந்தாளி. 1972-லே ஏற்றின கலங்கரை விளக்கம் சிவப்பும் வெள்ளையுமா நிக்கும், திறந்திருந்தா ஏறிப் பாரு. கீழே ஓட்டல் வாசல்லே ஐஸ் மேலே மீனை அடுக்கி, 'சார், பிரஷ்'னு கூப்பிடுவான். மீனுக்குக் கண் தெளிவா இருக்கா, செவுள் சிவந்திருக்கான்னு பாரு. எடை போட்டு, விலை கேட்டு, சமைக்கக் கூலி கேட்டு, அதுக்குப் பிறகு 'சரி'ன்னு சொல்லு. கேரையைக் காட்டி நெய்மீன் விலை சொன்னா, மாமன் பேரைச் சொல்லு. மாமனை அவனுக்குத் தெரியாது, ஆனா உனக்கு ஒரு மாமன் இருக்கான்னு தெரிஞ்சாலே விலை இறங்கும்.

விழிஞத்திலே காரை மேட்டிலே நிறுத்திட்டு நடந்து இறங்கு. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறு பக்கம் சிந்து யாத்திரை மாதா கோயில், நடுவிலே மீன்பிடித் துறை. பக்கத்திலேயே எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் சின்னதா இருக்கு. ஆய் அரசன் வச்சிருந்த துறை இது. பாண்டியன் வந்தான், சோழன் வந்தான், பரணி பாடினவங்க கூட விழிஞத்தை விடல்லே. எதுக்கு வந்தாங்க? கப்பல் நிக்க நல்ல இடம்னு. ஆயிரம் வருஷம் கழிச்சு வந்தவங்களும் அதே காரணந்தான் சொன்னாங்க. ராஜாக்களுக்கும் கம்பெனிக்கும் கண்ணு ஒரே இடத்திலேதான் போகும் மருமகனே.

வள்ளம் அணையுற நேரம் பாத்து நில்லு. சாளை, அயிலை, நெத்திலி, சூரை, வாளை, கிளாத்தி, எது பட்டதோ அது குவியலா விழும். ஏலக்காரன் நடுவிலே நிப்பான். அவன் வாய் அசையுறது தெரியும், சொல்லு புரியாது. சுத்தி நிக்கிற பெண்டுகளும் வியாபாரியும் தலையைக்கூட ஆட்ட மாட்டாங்க, புருவத்தாலே விலை ஏத்துவாங்க. அந்நேரம் நீ மூக்கைச் சொறிஞ்சிராதே, அரைக் குவியல் கிளாத்தி உன் பேருக்கு விழுந்துரும். ஏலத்திலே இன்னொரு சங்கதியும் இருக்கு. வள்ளக்காரனுக்கு முன்பணம் கொடுத்த ஆளு கையிலேதான் மீன் போகணும்னு பல கரையிலே வழக்கம். கடன் தீரும்வரை மீன் அவன் சொன்ன விலை. அதை அறுக்கத்தான் மீனவங்களே சங்கம் வச்சு, தங்களோட மீனைத் தாங்களே வித்தாங்க. அந்தச் சங்கங்கள் கூடினதுதான் திருவனந்தபுரத்திலே இருக்கிற சிஃப்ஸ். அரசாங்கத்துக்கு மத்ஸ்யஃபெட். நீ கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுறது இந்தச் சங்கிலியிலே கடைசிக் கண்ணியிலே நிக்கிற பொம்பளை கிட்டே. ஓட்டல்லே மெனு அட்டையைப் பாத்து ஒரு வார்த்தை பேசாதவன், கூடைக்காரியைப் பாத்ததும் பொருளாதாரம் பேசுவான்.

சிப்பி கிடைச்சா வாங்கு. முல்லூர், விழிஞத்துப் பாறையிலே முங்கி எடுக்கிறது. மூச்சைப் பிடிச்சு இறங்கி, பாறையிலே இருந்து பேத்து எடுத்து, இடுப்பு வலையிலே போட்டு மேலே வருவான். தேங்காய் அரைச்சுப் பொரிச்சா, கேட்டியா, நீ கப்பலை மறந்திருவே. இப்ப சிப்பிப் பாறை கொஞ்சம் துறைமுகத்துக்கு அடியிலே போயாச்சு. 3 கிலோமீட்டர் கிட்டே நீளத்துக்கு அலைத்தடுப்பு போட்டிருக்காங்க. 2022-லே மீனவங்க வாசல்லே உக்காந்து மாசக்கணக்காப் போராடினாங்க, டிசம்பர்லேதான் முடிஞ்சது. கரை போறதுக்கு இந்தச் சுவர்தான் காரணம்னு இவங்க, இல்லேன்னு அவங்க. கடல் யார் பக்கமும் சாட்சி சொல்ல வரல்லே, வீட்டை மட்டும் எடுத்துட்டுப் போகுது. நீ தீர்ப்புச் சொல்லாதே. ரெண்டு பேரும் உனக்குச் சாயா வாங்கித் தருவாங்க, ரெண்டையும் குடி.

கரையிலே வெள்ளையா அரிசி மாதிரி மணி கிடந்தா, பிள்ளைகளுக்கு முத்துன்னு பொறுக்காதே. 2025 மே 25-ஆம் தேதி, விழிஞத்திலே இருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3, 640 பெட்டியோட முங்கினது. அதிலே இருந்த பிளாஸ்டிக் மணி திருவனந்தபுரத்துக் கரையிலெல்லாம் ஒதுங்கி, ஆளுக சல்லடை வச்சு அரிச்சாங்க. அந்த வழியிலேதான் நீயும் கப்பல்லே மிதந்து வந்திருக்கே.

புல்லுவிளை, புதியதுறைப் பக்கம் போனா காரை ஓரமா நிறுத்தி, எஞ்சினை அணைச்சிரு. இங்கேதான் நீ பாக்க வேண்டியது இருக்கு. கரமடி, கரையிலே நின்னு இழுக்கிற வலை. கம்பாவோட, அதாவது இழுகயிறோட, ஒரு தலையைக் கரையிலே விட்டுட்டு வள்ளம் கடலுக்குள்ளே வளைஞ்சு போய், வலையை இறக்கி, மறு தலையைத் தூரத்திலே கொண்டு வந்து சேர்க்கும். ரெண்டு பக்கமும் ஆள் வரிசையா நின்னு பின்னாலே நடந்து இழுப்பாங்க. கடைசி ஆள் மேட்டுக்கு எட்டினதும் கம்பாவை விட்டுட்டு, கீழே அலைக்கு வந்து முதல் ஆளாப் பிடிப்பான். ஒருத்தன் உக்காந்து, வர்ற கம்பாவை வட்டமாச் சுத்திக்கிட்டே இருப்பான். வலை நெருங்க நெருங்க ரெண்டு வரிசையும் பக்கத்திலே வரும், சத்தம் கூடும். ரெண்டு பேர் நீந்திப் போய்த் தண்ணியை அடிச்சு, மீன் மேலே தாவாமப் பாத்துக்குவாங்க. கடைசியிலே மடி கரையேறும். உள்ளே நெத்திலியும் சாளையும் துள்ளும், சில நாள் ஒரு கூடை கூடத் தேறாது. கூடவே பிளாஸ்டிக் குப்பி, செருப்பு, ஷாம்பு கவர். அது உங்க மடியிலே இருந்து எங்க மடிக்கு வந்தது.

இழுக்க ரெண்டு மூணு மணிக்கூர் ஆகும். நீ முழுசும் நிக்க மாட்டே, எனக்குத் தெரியும். கால்மணிக்கூர் இழுத்துட்டு வீடியோ எடுத்து, 'மீனவரோட ஒரு நாள்'னு போடுவே. இழுக்க வந்தா ஒழுங்கா இழு. சட்டையைக் கழத்தி வை, வாட்ச்சைக் கழத்தி வை, தாளத்துக்குக் காலை வை. கம்பாவைத் தாண்டாதே, காயுற வலையிலே மிதிக்காதே. படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடு. உனக்கு வேண்டியது எல்லாம் மூணு படம்: ஒரு சூரியன், ஒரு வலை, ஒரு கிழவன். கிழவனுக்கு நான் இருக்கேன். 'தாத்தா, சிரிக்காதீங்க'ன்னு சொல்லுவீங்க, சோகமா இருந்தாத்தான் படத்துக்கு மதிப்பாமே. எனக்குப் பல் போனதிலே இருந்து சோகம் நல்லாவே வரும். கூலி ஒரு சாயா, ஒரு பருப்பு வடை.

அப்புறம் பூவாறு. நெய்யாறு கடல்லே விழுற பொழி. மணல் திட்டு, காயல், படகுச் சவாரி. படகிலே ஏறுமுன்னே லைப் ஜாக்கெட் கேளு, எத்தனை நேரம் ஓட்டுவான்னு கேளு. பொழியிலே குளிக்காதே. மேலே சலனமில்லாமக் கிடக்கும், அடியிலே இழுக்கும்.

பூவாறு தாண்டிப் பொழியூருக்கு வா. இங்கேதான் உன் போனும் நானும் சண்டை போடப் போறோம். போன்லே பாத்தா கடலை ஒட்டி, பொழியூர்லே இருந்து தமிழ்நாட்டு நீரோடிக்கு நேரா ஒரு ரோடு காட்டும். 'நேராச் செல்லவும்'னு ஒரு பொம்பளைக் குரல் இனிமையாச் சொல்லும். அவ பேச்சைக் கேட்டா நீ நேராக் கடலுக்குள்ளே போவே. தெற்குக் கொல்லங்கோட்டிலே அந்த ரோட்டைக் கடல் தின்னாச்சு. ரோட்டை மட்டுமில்லே, ரோட்டுக்கு மேற்கே இருந்த வீட்டையும், வீட்டுக்கு மேற்கே இருந்த கரையையும். அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் தூண்டில் வளைவு போட்டதனாலே இந்தப் பக்கம் ஏறுதுன்னு எங்க ஆளுக சொல்லுவாங்க. இதைப் பாக்காமக் கடற்கரை பாத்தேன்னு சொல்லுறவன், கல்யாண வீட்டு வாசல்லே சாம்பார் மணத்தை மட்டும் பிடிச்சுட்டு மொய் எழுதாமப் போறவனாக்கும்.

'வடக்கே போகலாமே மாமா'ன்னு கேப்பே. போ, அது வேறொரு நாள். தும்பாவிலே மீனவங்க தங்களோட மேரி மக்தலேனா கோயிலையும் குடியிருந்த நிலத்தையும் விட்டுக் கொடுத்த இடத்திலேதான், 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணிலே இருந்து முதல் விண்வெளி ராக்கெட் ஏறினது. கோயில் இப்போ விண்வெளி மியூசியம். அதுக்கும் வடக்கே முதலப்பொழி. பாலத்து மேலே நின்னா காட்சி நல்லா இருக்கும். கீழே அந்தப் பொழிமுகத்திலே வள்ளம் கவிழ்ந்து போன உயிர் ரொம்ப, துறைமுகம் கட்டின பிறகும். இன்னும் வடக்கே அஞ்சுதெங்கு, 1695-லே இங்கிலீஷ் கம்பெனி கட்டின கோட்டை. 1721-லே அங்கே இருந்து ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசு கொண்டு போன 140 வெள்ளைக்காரங்க திரும்பி வரல்லே. அதை வச்சு, நீ மாமன் வீட்டுக்குப் பரிசு கொண்டு வராம இருந்துராதே. காலம் மாறிப் போச்சு, நாங்க இப்போ வாங்கிக்குவோம்.

கடைசியா மாமன் தீர்ப்பு இதுதான். ஒரு நாளைக்கு ஒரு கரை போதும். அஞ்சு ஊரைக் கண்ணாடி வழியாப் பாக்கிறதுக்கு, ஒரு ஊர்லே அரை நாள் நின்னாலே கூடுதல் தெரியும். நீ பாக்க வர்ற கடற்கரை வருஷா வருஷம் சுருங்குது. இதைப் போய்ச் சொல்லுறதுக்கு ஆள் வேணும். நாங்க சொன்னா மனுன்னு வாங்கி வச்சுக்கிடுவாங்க, நீ சொன்னா நாலு பேர் படிப்பாங்க. மூக்கைப் பொத்தாதே, அது எங்க சம்பாத்தியத்து வாசம். கூடைக்காரி சொன்ன விலையைக் கொடு. அப்படியும் மனசு கேக்கல்லேன்னா என்னைக் கூப்பிடு, நான் வந்து பேசிக் குறைச்சுத் தாரேன். குறைஞ்ச பணத்திலே பாதி மாமனுக்குக் கமிஷன், மறு பாதியை நானே அவ கையிலே கொடுத்திருவேன்.